அரிவாளுக்குப் பின்னால் இரண்டு கண்கள்

நம் ஸ்டுடியோக் கடையில் என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே, நான் வேலையை விட்டு வீட்டுக்கு வந்த பிறகும் நீங்கள் என்னை விடுவதாக இல்லை. போன வாரம் உங்களில் ஒருத்தி போன் செய்து, "அக்கா, பழைய ஹார்ட் டிஸ்க்குல 'தொடாதே'ன்னு ஒரு ஃபோல்டர் கெடக்கே, அதுல என்ன இருக்கு?" என்று கேட்டாள். இடம் போதவில்லையாம், அழித்துவிடலாமா என்று அடுத்த கேள்வி. அழிக்காதே என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். காரணத்தைப் போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

தொடாதே என்று எழுதி வைத்தால் தொடத்தான் தோன்றும், அது எனக்கும் தெரியும். அதில் இருப்பது ஒரு சினிமா போஸ்டர். ஒரே ஒரு ஃபைல். அதை நீங்கள் திறந்து பார்க்கும் முன் இதை ஒருமுறை படித்துவிடுங்கள்.

தொழில்நுட்பம் எதுவும் இதில் கிடையாது. நான் அரை நாள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு படத்தில் வெட்டிய தலைமுடியை நீங்கள் இப்போது மவுஸை ஒரு தட்டுத் தட்டி வெட்டிவிடுகிறீர்கள். நல்லது, கழுத்து வலி மிச்சம். ஆனால் எதை வெட்டலாம், எதை ஒட்டலாம் என்பதை அந்தத் தட்டு சொல்லாது.

எனக்கு அதைச் சொன்னவர் ஒருவர் இருந்தார். நான் தீப்பெட்டி லேபிள் வேலையில் புதிதாகச் சேர்ந்திருந்த காலம். அச்சகத்தில் நெகட்டிவை வெளிச்சத்தில் பிடித்து, சிவப்பு மை தொட்டு ஓட்டை அடைக்கிறவர் அவர். ஒரு லேபிளில் கொக்கு ஒற்றைக்காலில் நின்றது. நான் இன்னொரு கால் அச்சில் விழாமல் போய்விட்டது என்று நினைத்து, அழகாக ஒரு கால் வரைந்து கொடுத்துவிட்டேன். கொக்கு ஒற்றைக்காலில் நிற்கும் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். படத்தில் பார்த்தபோது மறந்துவிட்டது. கிராமத்துக் கடைகளில் எல்லாம் "இது போலிப் பெட்டி, நம்ம கொக்குக்கு ஒத்தக் கால்லா" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அன்றைக்கு அவர் என்னைத் திட்டவில்லை. "படத்துல ஒரு எடம் வெறுமையாக் கெடந்தா, அடைக்கதுக்கு முன்னாடி ஏன்னு கேளு தாயி. கேக்கதுக்குக் காசா பணமா?" என்றார். நான் தலையை ஆட்டினேன். தலையை ஆட்டுவதில் எனக்கு எப்போதும் குறை கிடையாது.

இப்போது போஸ்டருக்கு வருகிறேன்.

பெரிய படங்களின் போஸ்டர் எல்லாம் சென்னையிலேயே தயாராகி வந்துவிடும் என்பது உங்களுக்குத் தெரியும். நம் பக்கத்தில் படம் எடுக்கிற சின்னச் சின்ன ஆட்கள்தான் நம் கடைக்கு வருவார்கள். அப்படி நாகலாபுரம் பக்கம் எடுத்த ஒரு படம். ஒரு பங்குனி மாதத்துத் திங்கட்கிழமை காலையில் அந்தப் படத்தின் மேனேஜர் ஒரு பென் டிரைவோடு வந்து நின்றார். சென்னைத் தம்பி. வெயிலில் வதங்கிப் போயிருந்தார். கதாநாயகன் கையில் அரிவாளோடு கரிசல் காட்டில் நிற்க வேண்டும், அவனுக்குப் பின்னால் வானம் முழுக்கக் காவல் தெய்வத்தின் முகம் தெரிய வேண்டும். மாலைக்குள் முடித்தால் மறுநாள் மதியம் மூன்று மணிக்கு சிவகாசியில் மிஷின் ஏறும், வியாழக்கிழமை ஊரெல்லாம் ஒட்டிவிடலாம் என்றார்.

நாயகன் படம் சரியாக இருந்தது. சாமி படத்தைத் திறந்தேன். புதிதாகச் செய்த மண் சிலை. கறுத்த முகம், காதுவரை மீசை, சிவந்த உதடு, வெளியே தெரியும் பல். எல்லாம் வர்ணம் பூசி முடிந்திருந்தது. கண் மட்டும் இல்லை. உரித்த முட்டை இரண்டைப் பதித்தது போல வெறும் வெள்ளை. நெற்றிக்கு மேலே ஒரு மஞ்சள் துணி சுருட்டி ஏற்றிவிடப்பட்டிருந்தது.

பிள்ளைகளே, அந்தப் படம் என்னிடம் இரண்டு தடவை பேசியது. கண் ஏன் வெறுமையாக இருக்கிறது என்று கேட்கச் சொன்னது. துணி எதற்கு என்று கேட்கச் சொன்னது. நான் பிறந்தது வளர்ந்தது எல்லாம் இந்தக் கரிசல் காட்டில்தான். எங்கள் அம்மா ஊர்க் கோவில் கொடைத் திருவிழாவுக்கு ஒரு வருஷம் தவறாமல் போனவள். எனக்குத் தெரியாதா? தெரியும். கொக்கு விஷயம் போலத்தான், திரையில் பார்த்தபோது அது சாமியாகத் தெரியவில்லை, முடியாத வேலையாகத் தெரிந்தது. துணியைத் துடைத்து அழித்தேன். கண்ணை வரைய உட்கார்ந்தேன்.

கண் வரவில்லை. வரைந்தால் பொம்மைக் கண் போல உயிரில்லாமல் இருந்தது. மணி ஒன்றாகிவிட்டது. அந்த நேரம் பார்த்து என் மகள் முத்து சாப்பாட்டுக் கேரியரோடு வந்தாள். புதியம்புத்தூரில் கட்டிக் கொடுத்திருந்தேன். தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள், ஒன்பதாம் மாதம். வெயிலில் வராதே என்றால், டாக்டர் நடக்கச் சொன்னார் என்பாள். அவளுக்கு அவள் அப்பாவின் கண். பெரிய கண். சின்ன வயதில் அவள் முறைத்தால் தெருநாய் ஒதுங்கிப் போகும்.

"ஏட்டி, இங்கன வா. இந்த லைட்டுக்கு நேர நின்னு என்னைய முறைச்சுப் பாரு" என்றேன்.

"எதுக்கு? சோறு கொண்டு வந்ததுக்கா?" என்றாள். ஆனாலும் முறைத்தாள். நான் படம் எடுத்தேன்.

அந்தக் கண்ணை வெட்டி எடுத்து, பெரிதாக்கி, இமையை விரித்து, வெள்ளையில் சிவப்பு நரம்பு ஓடவிட்டு, சிலையின் முகத்தில் பொருத்தினேன். பொருத்தியதும் எனக்கே பின்னால் சாயத் தோன்றியது. அவ்வளவு நேரம் ஒரு படமாக இருந்தது, திடீரென்று எதிரே ஆள் உட்கார்ந்திருப்பது போல ஆகிவிட்டது. முத்து என் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தாள்.

"எம்மா, அது என்னையவே பாக்குது" என்றாள்.

"நல்லா வந்திருக்குல்லா?" என்றேன். எனக்குப் பெருமை. மேனேஜர் கைதட்டாத குறைதான். ஃபைலை சிவகாசிக்கு அனுப்பினேன். ஒரு பிரதி எடுத்து, கடை வாசலைப் பார்த்த சுவரில் ஒட்டியும் வைத்தேன், வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று.

மறுநாள் செவ்வாய். பதினோரு மணி இருக்கும். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, மெலிந்த ஆள் ஒருவர் கடைக்குள் வந்தார். அவர் நடந்து வந்த விதம்தான் முதலில் என் கண்ணில் பட்டது. வாசலில் போஸ்டரைப் பார்த்ததும் நின்றார். பிறகு அதற்கு நேரே வராமல், சுவரோரமாகவே நடந்து, பக்கவாட்டில் என் மேஜைக்கு வந்து சேர்ந்தார். கையில் களிமண் காய்ந்த கோடுகள். சிலை செய்கிற வேளார் என்று சொல்லாமலே தெரிந்துவிட்டது. அந்தக் கோவிலுக்குப் பூசை வைக்கிறவரும் அவர்தான்.

"தாயி, இந்தப் படத்துல கண்ணு தொறந்தது ஆரு?" என்றார்.

கோபமாகக் கேட்டிருந்தால் நானும் கோபப்பட்டிருப்பேன். அவர் குரலில் இருந்தது பயம். அது என்னைத் தொற்றிக்கொண்டது.

"கண்ணு தொறக்கதுன்னா என்ன அண்ணாச்சி?" என்றேன், தெரியாதவள் போல.

"வெள்ளிக்கிழம கொட. அன்னைக்குத்தான் சாமிக்குக் கண்ணு தொறக்கணும். அதுவரைக்கும் மஞ்சத் துணி போட்டு மூடித்தான் வச்சிருக்கோம். படத்துக்காரத் தம்பி கெஞ்சுனாரேன்னு ஒரு நிமிசம் துணியத் தூக்குனது எந் தப்பு. கண்ணுதான் இல்லையே, என்னன்னு நெனச்சேன். நேத்து சாயங்காலம் அவரு போன்ல காட்டுதாரு, கண்ணு இருக்கு. உசுரோட இருக்கு. எனக்கு ஒறக்கம் இல்ல. ஊருக்கு இன்னும் தெரியாது தாயி. ஆரு தொறந்தது?"

அப்போது நான் சொன்ன பதிலை இன்று எழுதவும் கூசுகிறது. "கம்ப்யூட்டர் தானாப் போட்டுக்கிட்டது அண்ணாச்சி" என்றேன். நம் தொழிலில் நாம் எல்லாரும் சொல்கிற முதல் பொய் இதுதான். நீங்களும் சொல்லியிருப்பீர்கள். கையும் களவுமாகப் பிடிபட்டால் மிஷின் மேல் போட்டுவிடுவோம், அது திருப்பிப் பேசாது.

அவர் நம்பினாரா தெரியவில்லை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னார். கண் திறக்கும்போது சாமிக்கு முன்னால் யாரும் நிற்கக்கூடாதாம். அவர் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்பாராம். எதிரே பிடித்த கண்ணாடியைப் பார்த்தே கண்ணை எழுதுவாராம். சாமியின் முதல் பார்வை கண்ணாடியில் விழ வேண்டும், அடுத்த பார்வை பசு மேலும் கன்று மேலும் விழ வேண்டும். அதற்குப் பிறகுதான் ஆட்கள் முன்னால் வரலாம்.

"நேர நின்னா என்ன ஆகும்?" என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

"எங்க சித்தப்பா ஒரு தடவ மறந்தாப்புல நேர நின்னுட்டாரு. நல்லாக் கூர்மையாப் பாக்க ஆளு. அந்த ஆடிக்கு அவருக்குப் பார்வை போயிட்டு. புரை விழுந்ததுன்னு டாக்டர் சொன்னாரு. இருக்கலாம்." கொஞ்சம் நிறுத்தினார். "அந்த நேரத்துல அந்தக் கம்ப்யூட்டருக்கு முன்னால ஆராச்சும் இருந்தாங்களா தாயி?"

முதலில் பார்த்தது நான். இரண்டாவதாகப் பார்த்தது, என் தோளுக்குப் பின்னால் நின்ற ஒன்பது மாதக்காரி. அது என்னையே பார்க்கிறது என்று அவளே சொன்னாள். பார்த்த கண்ணும் அவள் கண்தான்.

அந்த நேரம் வாசலில் நிழல் ஆடியது. முத்து, கேரியரோடு. வாசலைத் தாண்டி உள்ளே வந்து, போஸ்டருக்கு நேரே நின்றாள்.

அவள் கண் இரண்டும் செக்கச்செவேல் என்று இருந்தன. வெள்ளை முழுக்க நரம்பு ஓடியிருந்தது. நான் நேற்று வரைந்த அதே நரம்பு.

"காலைல இருந்து உறுத்துதும்மா. திறக்கவே முடியல" என்றாள்.

வேளார் போஸ்டரைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மறுபடி போஸ்டரைப் பார்த்தார். பிறகு நாற்காலியை விட்டு எழுந்து, தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, அவளுக்கு முன்னால் இருந்து விலகிச் சுவரோரமாக ஒதுங்கி நின்றார்.

என் வாழ்க்கையில் அதைவிட நான் பயந்த நேரம் கிடையாது. சாமி வரும்போது ஒதுங்குகிற மாதிரி என் பிள்ளைக்கு முன்னால் ஒரு மனிதர் ஒதுங்கினார், அவ்வளவுதான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அண்ணாச்சி, கம்ப்யூட்டர் போடல. நாந்தான் போட்டேன். இவ கண்ணு. நாந்தான் எடுத்து வச்சேன்" என்றேன்.

"கேட்டிருக்கலாம்லா தாயி" என்றார்.

அந்த ஒரு சொல் போதும், நான் இதை உங்களுக்கு எழுதுவதற்கு.

மணி பன்னிரண்டு. முதலாளி திருச்செந்தூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார், போனை எடுக்கவில்லை. மூன்று மணிக்கு மிஷின் ஏறிவிட்டால் இந்தக் கண் எட்டயபுரம், விளாத்திகுளம் என்று ஒவ்வொரு சுவரிலும் நின்று போகிற வருகிற ஆளை எல்லாம் பார்க்கும். வெள்ளிக்கிழமைக்கு முன்னாலேயே. ஊர் இவரைத்தான் கேட்கும். என் பிள்ளையை எது கேட்கும் என்று நினைக்கவே எனக்கு முடியவில்லை. மெட்ராஸ் ஐ ஊரெல்லாம் பரவியிருந்த நேரம்தான் அது. பக்கத்துக் கடைக்காரர் கூடக் கறுப்புக் கண்ணாடியோடுதான் உட்கார்ந்திருந்தார். புத்திக்குத் தெரிகிறது. பெற்ற வயிறு கேட்க வேண்டுமே.

முதலில் சிவகாசிக்குப் போன் செய்தேன். அச்சுக்குப் பிளேட் போட்டாயிற்று என்றார்கள். என் பொறுப்பு, ஏற்றாதீர்கள் என்றேன். அந்தப் பொறுப்பு என் சம்பளத்தைவிடப் பெரியது என்று எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். அடுத்து மேனேஜருக்குப் போன் செய்து உள்ளதைச் சொன்னேன்.

"அக்கா, இது செம பப்ளிசிட்டி அக்கா. கண் திறக்காத சாமி போஸ்டர்ல கண் திறந்துச்சுன்னு நியூஸே வரும். மாத்தாதீங்க" என்றார்.

நான் என்ன சொல்லியும் கேட்கவில்லை. வேளார் கையை நீட்டிப் போனை வாங்கினார். மரியாதை குறையாமல் பேசினார். "தம்பி, நல்லா இருக்கீங்களா? ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அந்தப் போட்டோவ எடுக்கும்போது சாமிக்கு நேர நின்னது நீங்கதான? தியேட்டர் வாசல்ல அந்தப் படத்த ஒட்டும்போதும் நேர நிக்கப் போறது நீங்கதான? இல்ல, சும்மா தெரிஞ்சுக்கிடலாம்னுதான் கேக்குதேன்."

அந்தப் பக்கத்தில் இருந்து, "மாத்திக்கோங்கன்னு அக்காகிட்ட சொல்லிடுங்க ஐயா" என்று குரல் வந்தது.

சரி, அழித்துவிட வேண்டியதுதான் என்று திரும்பினேன். கண் தனியாக ஒரு லேயரில், அதாவது படத்தின் மேல் கண்ணாடித் தாள் போட்டது மாதிரி, தனியே இருந்தது. அதைத் தொட்டு ஒரு பொத்தானை அழுத்தினால் போய்விடும். ஆயிரம் தடவை அழுத்திய பொத்தான். விரலை வைத்தேன். என் பிள்ளையின் கண் என்னைப் பார்த்தது. விரல் இறங்கவில்லை.

"என்ன செய்யப் போறிய?" என்றார் வேளார்.

"அழிக்கப் போறேன்."

"வேண்டாம் தாயி!" கிட்டத்தட்டக் கத்தினார். "தொறந்த கண்ண மூடலாம். அவிக்கக் கூடாது."

முத்து அதுவரை பேசாமல் நின்றவள், "ஏம்மா, எங் கண்ணு எங்கிட்டதான இருக்கு? எதுக்கு ரெண்டு பேரும் இப்படி நடுங்குதீங்க?" என்றாள். குரலில் தைரியம் இருந்தது. ஆனால் கை வயிற்றின் மேல் போய் இருந்தது. அதை நான் பார்த்தேன். அவளை உள்ளே ஸ்டுடியோ அறையில் உட்காரச் சொல்லிக் கதவைச் சாத்தினேன்.

ஸ்டுடியோவில் ஆட்கள் தலை சீவிக்கொள்ளும் கண்ணாடியை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள், மூலையில் ரசம் போன கண்ணாடி. அதை எடுத்து வரச் சொன்னார். திரைக்கு எதிரே அவரே பிடித்துக்கொண்டு, தன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். என் நாற்காலியைத் திரைக்குப் பக்கவாட்டில் போடச் சொன்னார். "நேர பாக்காத. கண்ணாடியப் பாத்தே வேலையச் செய்யி" என்றார்.

அப்படி நான் வேலை செய்ததே இல்லை. கண்ணை மறைக்க, நாயகனின் அரிவாளைக் கையோடு பிரித்தெடுக்கத் தொடங்கினேன். மவுஸை வலப்பக்கம் தள்ளினால் கண்ணாடியில் இடப்பக்கம் ஓடியது. எழுத்தெல்லாம் திரும்பித் தெரிந்தது. கை தவறி நாயகனின் மூக்கைப் பிடித்து இழுத்துவிட்டேன். இன்னொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். நடுவில் கரண்ட் போய் யு.பி.எஸ். கீச் கீச் என்று கத்த ஆரம்பித்தது. திரை அணைந்து மறுபடி எரிந்தால் முகம் நிறைய அந்தக் கண்தான் முதலில் வருமோ என்று நான் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தேன். அணையவில்லை. கரண்ட் வந்துவிட்டது.

"பாத்துட்டாரு. இப்ப மாடு வேணும். கன்னோட" என்றார்.

பஜாரில் எங்கே போய்க் கன்றோடு மாடு பிடிப்பது? எனக்கு மாதிரி அழைப்பிதழ்கள் ஒட்டிய ஆல்பம் ஞாபகம் வந்தது. புதுமனைப் புகுவிழாப் பத்திரிகை ஒன்றில் பசுவும் கன்றும் இருந்தன. எடுத்துக் காட்டி, "இது ஆகுமா அண்ணாச்சி?" என்று கேட்டேன். பார்த்தீர்களா, இந்தத் தடவை கேட்டுவிட்டேன்.

அவர் யோசித்தார். "சாமி படத்துல இருந்துதான பாக்கார். மாடும் படத்துல இருந்தாப் போதும்" என்றார். பத்திரிகையை வாங்கித் திரைக்கு எதிரே பிடித்தார். அவர் உதடு ஏதோ முணுமுணுத்தது. பிறகு, "இப்ப மூடு" என்றார்.

பிரித்தெடுத்த அரிவாளை நாயகன் தலைக்கு மேல் குறுக்காகத் தூக்கி நிறுத்தினேன். வளைந்த இரும்பு சாமியின் இரண்டு கண்ணையும் மறைத்துக்கொண்டு நின்றது. கண் அதற்குப் பின்னால் அப்படியே இருக்கிறது. அழிக்கவில்லை. அந்த லேயரைப் பூட்டினேன். ஃபோல்டருக்குப் பெயர் வைத்தேன். இரண்டரை மணிக்கு ஃபைல் சிவகாசிக்குப் போனது. சுவரில் இருந்த பிரதியைக் கிழிக்காமல் நாலாக மடித்து, வேளார் துண்டுக்குள் வைத்துக் கொண்டுபோனார்.

கதவைத் திறந்ததும் முத்து வந்து திரையைப் பார்த்தாள். "எங்க எங் கண்ணு?"

"அருவாளுக்குப் பின்னால."

"இது முன்னதவிடப் பயமால்லா இருக்கு" என்றாள். படத்தின் இயக்குநரும் அதையேதான் சொன்னாராம். படம் நாலு நாள்தான் ஓடியது, போஸ்டரைப் பற்றி மட்டும் ஊரில் கொஞ்ச நாள் பேச்சு இருந்தது.

சனிக்கிழமை காலை வேளார் போன் செய்தார். "கண்ணு தொறந்தாச்சு தாயி. நல்லபடியா. பிள்ளைக்குக் கண்ணு எப்படி இருக்கு?" என்றார். டாக்டர் கொடுத்த சொட்டு மருந்தில் சிவப்பு இறங்கியிருந்தது. மெட்ராஸ் ஐ தான் என்றார் டாக்டர். முதலாளியும் என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை, இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதோடு சரி.

எனக்கு மட்டும் பயம் இறங்கவில்லை. அடுத்த வாரம் முத்துவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பார்த்தால், குழந்தையின் இமை இரண்டும் வீங்கி ஒட்டியிருந்தன. நர்ஸ் பஞ்சை நனைத்துத் துடைத்துவிட்டு, பிறந்த பிள்ளைகளுக்கு இது சகஜம், இரண்டு நாளில் திறந்துவிடும் என்றாள். அந்த இரண்டு நாளும் நான் சோறு தின்றேனா என்று நினைவில்லை. கட்டிலுக்குப் பக்கவாட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் எடுக்கப் போனாலும் சுற்றித்தான் போனேன். திறக்காமலே போய்விடுமோ என்று ஒரு பயம். திறந்தால் நேரே யார் நிற்பது என்று ஒரு பயம். இரண்டையும் யாரிடமும் சொல்ல முடியவில்லை. நான் வைத்த கண், நான் ஓடவிட்ட நரம்பு என்று மனசு அதையே சொல்லிக்கொண்டிருந்தது.

மூன்றாம் நாள் காலை, முத்து மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு, "எம்மா, தொறக்கா, தொறக்கா! வா!" என்றாள். நான் எழுந்தேன். என்னை அறியாமல் சுவரோரமாகப் போய்விட்டேன்.

முத்து நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. "எங்க போற? பசுவும் கன்னும் கொண்டாரவா?" என்றாள். சிரிக்கத்தான் பார்த்தாள், குரல் உடைந்துவிட்டது. "நேர வந்து நில்லும்மா. எம் பிள்ள மொதல்ல ஒன்னையப் பாக்கட்டும்."

சுவரை விட்டு வந்தேன். நேரே குனிந்து நின்றேன். இமை பிரிந்தது. கறுப்பாக, பெரிதாக, ஒரு குறையும் இல்லாமல் இரண்டு கண். என் முகத்தில் வந்து நின்றன. பிறந்த பிள்ளைக்கு முகம் எல்லாம் சரியாகத் தெரியாது என்று நர்ஸ் சொன்னாள். எனக்குத் தெரியும், அது என்னைப் பார்த்தது.

அந்த ஃபோல்டரை அழிக்காதீர்கள். இடம் போதவில்லை என்றால் புது டிஸ்க் நான் வாங்கித் தருகிறேன். பயம் போய்விட்டதா என்று கேட்காதீர்கள், பேத்திக்குக் காய்ச்சலில் கண் சிவந்தால் இப்போதும் எனக்கு முதலில் அந்த ஃபைல்தான் நினைவுக்கு வருகிறது. அவள் இப்போது நாலாம் வகுப்புப் படிக்கிறாள். அதே கண். முறைத்தால் தெருநாய் ஒதுங்கிப் போகிறது. நான் ஒதுங்குவதில்லை.